எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்கள்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் இலக்கியம் பேசியோர் உண்டு. இசை பேசியோர் உண்டு. ஆன்மிகம் பேசியோரும் உண்டு. அவர்களைப்போல் பேசும் ஆற்றல் நமக்கு இல்லை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவரும் எழுத்தர் நாம். ஆயினும் நம் கண்ணெதிரே, நம் சங்கக் கட்டடத்தின் பின்புறத்திலேயே நிகழ்ந்த ஒரு செய்தியை எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டதால், இன்று பேச முன்வந்தோம். குற்றம் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

சமையற்கூடத்துக்கும் மதிற்சுவருக்கும் இடையே, ஆறடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமாக ஒரு துண்டு நிலம் இருப்பதை அனைவரும் அறிவீர்கள். அங்கே புல்லும் முளைப்பதில்லை என்பதைப் பல ஆண்டுகளாக நாம் பார்த்துவந்தோம். பார்த்தோமே தவிர, ஏன் என்று கேட்டோமில்லை. சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த தாய்மார்கள், இரண்டு இரவு இரயிலில் மடியில் வைத்துக் காத்துக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்றுகள் நான்கினை அங்கே நட்டார்கள். மழைக்காலம், தண்ணீருக்குக் குறைவில்லை, குளிரையும் குற்றம் சொல்ல வழியில்லை. இருந்தும் ஒரு மாதத்துக்குள் நான்கும் கருகிப்போயின. கன்றைப் பிடுங்கிக் குழியைத் தோண்டிப் பார்த்தபோது மண் கறுத்திருந்தது, பிசுபிசுத்தது, மண்ணெண்ணெய்க் கடையின் வாடை அடித்தது.

யார் செய்த வேலை இது? அயலார் எவரும் செய்யவில்லை. நாமே செய்தோம். மின்சாரம் நின்றுபோனால் விழா நின்றுவிடக் கூடாதென்று டீசல் ஜெனரேட்டர் ஒன்று வைத்திருக்கிறோம் அல்லவா? அதற்கு எண்ணெய் மாற்றும்போதெல்லாம், எரிந்து கறுத்த பழைய எண்ணெயைக் கொல்லைப்புறத்தில் ஊற்றிவந்தோம். கேனிலிருந்து டீசல் வார்க்கும்போது சிந்தியதும் அங்கேயே இறங்கியது. இதில் வெட்கப்பட வேண்டியவர்களில் முதல்வர் நாமே. பதினான்கு ஆண்டுகளாகச் சங்கத்தின் வரவு செலவை எழுதிவருவது நம் கைதான். டீசல் வாங்கிய ரசீது கோப்பில் உண்டு. புது எஞ்சின் எண்ணெய் வாங்கிய ரசீதும் உண்டு. புது எண்ணெய் உள்ளே போனால் பழைய எண்ணெய் எங்கே போயிற்று என்ற கேள்வி ஒரு முறையேனும் நமக்கு எழவில்லை. காசுக்குக் கணக்கு வைத்தோம், கழிவுக்கு வைக்கவில்லை.

அந்த நிலத்திலிருந்து இருபதடி தள்ளி அடிகுழாய் இருக்கிறது. விழா நாட்களில் நம் குழந்தைகள் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது அதில்தான். கறிவேப்பிலை கருகியதைவிட, அந்த அடிகுழாயை நினைத்தபோதுதான் நமக்கு அச்சம் பிறந்தது. 2013 ஆம் ஆண்டு சென்னையில் தண்டையார்பேட்டைப் பகுதியில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த டீசல், வீட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் கலந்துவிட்டதைச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அங்கே கசிந்த அளவு பெரிது; இங்கே சிறிது. ஆனால் மண்ணில் இறங்கும் எண்ணெய் நடந்துகொள்ளும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றே.

அன்று முதல் இதைப்பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினோம். நம் காலனிப் பெண் ஒருத்தி நகரக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயில்கிறாள். அவளுடைய ஆசிரியை ஒரு வங்காளப் பெருமாட்டி. அவர் நமக்கு வழிகாட்டினார். அவரிடம் அறிந்தவற்றையும் நூல்களில் படித்தவற்றையும் எளிய முறையில் சொல்ல முயல்கிறோம்.

முதலில், பெட்ரோலியம் என்பது என்ன? பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணிய உயிர்கள், சேற்றில் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறி உண்டான நெய் அது. கரி என்னும் கார்பனும், ஹைட்ரஜனும் பலவாறு பிணைந்த ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவை. சில நீண்ட சங்கிலி போன்றவை, சில கிளைவிட்ட சங்கிலிகள், சில வளையங்கள், தாரைப் போன்ற கனமான பொருள்களும் அதில் உண்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் எண்ணெய், சாலைக்கு இடும் தார் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இரயில்வேக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு நீண்டது. தொட்டி வண்டிகளின் வரிசையை நாள்தோறும் நாம் கணக்கில் ஏற்றுகிறோம். நம் நாட்டின் முதல் எண்ணெய் வயலைத் திறந்ததே ஓர் இரயில்வே நிறுவனந்தான். அஸ்ஸாமில் பாதை போடச் சென்ற அஸ்ஸாம் இரயில்வே வணிக நிறுவனத்தார், காட்டில் மரம் இழுத்த யானையின் காலில் எண்ணெய்க் கறை கண்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1889 இல் டிக்பாயில் அவர்கள் கிணறு தோண்டத் தொடங்கியது வரலாறு. 1901 இல் அங்கே சுத்திகரிப்பு ஆலை எழுந்தது.

யானையின் கால் எண்ணெயில் படுவதற்கு, எண்ணெய் தானே தரைக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் நம் கதையின் கதாநாயகர்கள் வருகிறார்கள். மனிதன் கிணறு தோண்டுவதற்கு முன்பே, பூமியின் வெடிப்புகள் வழியாக எண்ணெய் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. கடலின் அடியில் இவ்வாறு இயற்கையாகக் கசியும் எண்ணெய் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் டன் என்று, அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகத்தார் 2003 இல் வெளியிட்ட நூலில் மதிப்பிட்டார்கள். இத்தனை எண்ணெய் ஊழி ஊழியாகக் கசிந்தும், கடல் எண்ணெய்க் குளமாகிவிடவில்லை. ஏன்? அதை உண்டு செரிக்கும் உயிர்கள் இருப்பதனால். மேலும், தாவர இலைகளின்மேல் பூசியுள்ள மெழுகிலும் எண்ணெயில் இருப்பதைப் போன்ற நீண்ட சங்கிலிப் பொருள்கள் உண்டு. உதிர்ந்த இலையை மக்கச் செய்யும் மண்ணுயிர்களில் சில, அந்த மெழுகைத் தின்னப் பழகியவை. ஆகவே பெட்ரோலியம் நமக்குத்தான் அந்நியம். மண்ணுக்கு முற்றிலும் அந்நியம் அன்று.

அந்த உயிர்கள்தாம் பாக்டீரியாக்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 500 முதல் 1,000 வரை வரிசையாக நிறுத்திவிடலாம், அத்துணைச் சிறியவை. ஒரு தேக்கரண்டி நல்ல தோட்டத்து மண்ணில் அவை கோடிக்கணக்கில் வாழ்கின்றன. எல்லாப் பாக்டீரியாவும் எண்ணெய் உண்பதில்லை. தூய மண்ணில் எண்ணெய் உண்ணும் இனங்கள் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கும் என்பர். ஆனால் எண்ணெய் சிந்திய இடத்தில், மற்றவை நலிய, இவை பன்மடங்கு பெருகுகின்றன. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினெட்டோபாக்டர், மைக்கோபாக்டீரியம் என்பன அவற்றில் சில குலங்களின் பெயர்கள். கடலில் ஆல்கனிவோராக்ஸ் என்று ஒன்று உண்டு. சங்கிலி எண்ணெயை விழுங்குவது என்பதே அப்பெயரின் பொருள்.

எவ்வாறு உண்கின்றன? பல்லும் இல்லை, வயிறும் இல்லை. எண்ணெயோ தண்ணீரில் கரையாதது. நம் வீட்டில் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவோர் என்ன செய்கிறோம்? வெறும் தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் எண்ணெய் போவதில்லை, சீயக்காய் வேண்டும். சீயக்காய் எண்ணெயைச் சிறு சிறு துளிகளாகப் பிரித்து நீரோடு கலக்கச் செய்கிறது. இந்தப் பாக்டீரியாக்களில் பலவும் தமக்கு வேண்டிய சீயக்காயைத் தாமே சுரந்துகொள்கின்றன! அதனால் எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாகிறது. அவை அத்துளிகளை ஒட்டிக்கொள்கின்றன.

அடுத்து, நொதி எனப்படும் பொருள் ஒன்றின் துணையால், காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்து எண்ணெய்ச் சங்கிலியின் நுனியில் பூட்டுகின்றன. எண்ணெய் முதலில் சாராய வகையாக மாறுகிறது. பின்னர்க் கொழுப்பு அமிலமாக மாறுகிறது. கொழுப்பு அமிலமோ நாம் உண்ணும் நெய்யிலும் நல்லெண்ணெயிலும் உள்ள பொருளே. அதற்குப்பின் நம் உடல் நெய்யைச் செரிக்கும் அதே முறையில், சங்கிலியை இரண்டிரண்டு கண்ணியாக வெட்டித் தின்றுவிடுகின்றன. ஒரு பகுதி அவற்றின் உடலாகிறது; எஞ்சியது கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போய்விடுகிறது. முதற் கதவைத் திறப்பதுதான் கடினம், அந்தத் திறவுகோல் எல்லா உயிரிடத்தும் இல்லை, இவற்றிடம் இருக்கிறது.

இவ்வுண்மை நேற்றுக் கண்டதன்று. அமெரிக்க அறிஞர் கிளாட் ஜோபெல் என்பவர், 1946 இலேயே எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து எழுதினார். ஏறக்குறைய நூறு இனங்கள் அப்போதே அறியப்பட்டிருந்தன.

இத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஒருவர், நாம் வாழும் இந்த வங்காளத்தில் பிறந்தவர். இரயில்வேக்காரருக்குச் சாயிந்தியா சந்திப்பு தெரியாத ஊரன்று. அவ்வூரில் 1938 இல் பிறந்தவர் ஆனந்தமோகன் சக்கரவர்த்தி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்று, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தார். எண்ணெயின் ஒவ்வொரு பகுதியைத் தின்னும் திறன் ஒவ்வொரு பாக்டீரியாவுக்கு இருக்கிறது. அத்திறன்களை எல்லாம் ஒரே பாக்டீரியாவுக்குள் சேர்த்தால் என்ன என்று எண்ணினார். எண்ணியபடியே சூடோமோனாஸ் குலத்துப் பாக்டீரியா ஒன்றை ஆக்கிக்காட்டினார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை தரலாகாது என்று அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1980 ஜூன் 16 ஆம் நாள், நீதிபதிகளில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, சக்கரவர்த்தியின் பக்கமே தீர்ப்பாயிற்று. உயிரியல் தொழில்நுட்பம் என்று இன்று சொல்லப்படும் பெருந்தொழிலுக்கு வாயில் திறந்த தீர்ப்புகளில் அது தலையாயது. சக்கரவர்த்தி 2020 இல் காலமானார்.

ஆனால் அன்பர்களே, இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்துணைப் புகழ்பெற்ற அந்தப் பாக்டீரியா, எண்ணெய் சிந்திய கடலிலோ நிலத்திலோ விடப்படவே இல்லை. ஆக்கிய உயிரைத் திறந்த வெளியில் விடுவதற்கு அரசுகள் அஞ்சின. உண்மையான துப்புரவுப் பணியைச் செய்துவருபவை, பெயரும் புகழும் இல்லாத சாதாரண மண் பாக்டீரியாக்களே.

இதற்கு நல்ல சான்று அலாஸ்கா. 1989 மார்ச் 24 ஆம் நாள், எக்சான் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, ஒரு கோடியே பத்து லட்சம் காலன் கச்சா எண்ணெய் கொட்டியது. நூற்றுக்கணக்கான மைல் கடற்கரை கறுத்தது. பறவைகளும் கடல் நீர்நாய்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. வெந்நீரைப் பீய்ச்சிக் கரையைக் கழுவினார்கள். எண்ணெயோடு கரையில் பிழைத்திருந்த சிற்றுயிர்களும் அழிந்தன. பின்னர் அறிஞர்கள் வேறு வழி கண்டார்கள். எண்ணெய் உண்ணும் பாக்டீரியா அக்கரையில் இயற்கையாகவே இருக்கிறது. ஆனால் எண்ணெயில் கரி மட்டும் மிகுதி. உயிர் வளரத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லை. வெறும் சோற்றை மலைபோல் குவித்துவைத்துப் பருப்பும் காயும் இல்லாமல் உண்ணச் சொன்னால் எத்தனை நாள் உண்ண முடியும்? ஆகவே கரையில் உரத்தைத் தூவினார்கள். இரண்டு மூன்று வாரங்களில், உரமிட்ட பகுதியிலிருந்த கற்கள் மற்றப் பகுதியைவிடத் தெளிந்து காணப்பட்டன.

வெற்றி என்று கொட்டு முழக்கி முடித்துவிடலாமா? முடியாது. 2001 இல் அதே கரைகளைத் தோண்டிப் பார்த்தபோது, கற்களுக்கு அடியில் காற்றுப் புகாத இடங்களில் எண்ணெய் அப்படியே தங்கியிருந்தது. பன்னிரண்டு ஆண்டு ஆகியும் அது போகவில்லை. காற்று இல்லாத இடத்தில் இந்த உயிர்களின் வேலை மிக மெதுவாகவே நடக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். சுத்திகரிப்பு ஆலைகளில், கச்சா எண்ணெய்த் தொட்டிகளின் அடியில் எண்ணெயும் மண்ணும் நீரும் கலந்த கறுப்புச் சேறு தங்கும். அதை எங்கே போடுவது என்பது பெரிய தலைவலி. தில்லியில் உள்ள எரிசக்தி மற்றும் வளங்கள் நிறுவனம், அதாவது டெரி, இதற்கென ஐந்து வகைப் பாக்டீரியாக்களைச் சேர்த்து ‘ஆயில்சாப்பர்’ என்ற கலவையை உருவாக்கியது. ஐந்தும் இயற்கையில் கிடைத்தவை. ஒன்று சங்கிலி எண்ணெயைத் தின்றால் மற்றொன்று வளைய எண்ணெயைத் தின்னும். மக்காச்சோளத்தின் தக்கையைப் பொடித்து, அப்பொடியில் பாக்டீரியாவை ஏற்றிப் பையில் அடைத்து அனுப்புகிறார்கள். தானியம் உதிர்த்தபின் நாம் அடுப்பில் போடும் தக்கை, இங்கே பாக்டீரியாவுக்குப் பல்லக்காகிறது! பின்னர் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகமும் டெரியும் சேர்ந்து, இப்பணிக்கென்றே ஒரு கூட்டு நிறுவனத்தை ஏற்படுத்தின. 2010 ஆகஸ்டில் பம்பாய்க்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோதும் இந்தப் பாக்டீரியாக்களைப் பயன்படுத்தினார்கள்.

2017 ஜனவரி 28 ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டு கலங்கினோம். நம் ஊர் மீனவரும் மாணவரும் வாளியாலும் முறத்தாலும் கடலிலிருந்து கறுப்புச் சேற்றை அள்ளிய காட்சியை மறக்க முடியுமா? அவ்வாறு அள்ளிய சேற்றைத் துறைமுகத்தில் ஓரிடத்தில் குவித்து, பாக்டீரியாவைக் கொண்டே பக்குவப்படுத்தினார்கள். மனிதன் அள்ள வேண்டியதை அள்ளினான். அவனால் இயலாததை நுண்ணுயிர் செய்தது. இரண்டும் வேண்டும் என்பதே எண்ணூர் கற்பிக்கும் பாடம்.

இனி நம் கொல்லைப்புறத்துக்குத் திரும்புவோம். பேராசிரியை அவர்களிடம் சென்றபோது, “அம்மா, எண்ணெய் தின்னும் பாக்டீரியா எங்கே விலைக்குக் கிடைக்கும்?” என்றுதான் நாம் கேட்டோம். அவர் சிரித்தார். நம் மண்ணில் ஒரு பிடியை வாங்கி, எண்ணெயை மட்டுமே உணவாக வைத்த தட்டில் இட்டு வளர்த்தார். பத்து நாள் கழித்து அழைத்துக் காட்டினார். தட்டு முழுதும் புள்ளி புள்ளியாகப் பாக்டீரியாக் கூட்டங்கள்! “உங்களுக்கு வேண்டிய வேலையாட்கள் உங்கள் மண்ணிலேயே இருக்கிறார்கள். பதினான்கு ஆண்டாக நீங்கள் எண்ணெய் ஊற்றி வளர்த்தவர்கள்தாம். அவர்களுக்குக் காற்று இல்லை. துணை உணவு இல்லை. அவ்விரண்டையும் கொடுங்கள்” என்றார்.

ஒரு கிலோ எண்ணெயைத் தின்று தீர்க்க, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட ஆக்சிஜன் வேண்டும். நூறு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு பாஸ்பரஸும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஈரமும் வேண்டும், ஆனால் சேறாகக் கூடாது. சேறானால் காற்றுப் போகாது. இதமான சூடும் வேண்டும்.

மழை ஓய்ந்த செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், நம் இளைஞர்கள் கறுத்த மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தார்கள். தடித்த தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் வரப்புக் கட்டி, மேலே கூரை வேய்ந்து, அந்த மண்ணைப் பரப்பினோம். கீழே இறங்கவும் கூடாது, மழையில் கரைந்து ஓடவும் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. மக்கிய சாணமும், நறுக்கிய வைக்கோலும், பேராசிரியை சொன்ன அளவுக்குச் சிறிது யூரியாவும் கலந்தோம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. இதுவே ஈரத்துக்கு அளவு. வாரந்தோறும் மண்வெட்டியால் கிளறிவிட்டோம். கையுறை இல்லாமல் எவரையும் தொட விடவில்லை. அடிகுழாயைப் பூட்டி வைத்துவிட்டு, விழாவுக்குக் குடிநீரை வேறிடத்திலிருந்து கொண்டுவந்தோம்.

இரண்டு மாதத்தில் வாடை குறைந்தது. டிசம்பர் வந்தது; அப்படியே நின்றுவிட்டது. இளைஞர்கள் சோர்ந்தார்கள். “இது ஆகாத வேலை, லாரி பிடித்து ஊருக்கு வெளியே கொட்டிவிடலாம்” என்று சொன்னவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டோம். அவர்களில் நாமும் ஒருவர். அப்போது நம் தாய்மார்களில் ஒருவர் கேட்ட கேள்வியை இன்றும் மறக்க முடியவில்லை. “இந்த ஊர்க் குளிரில் தோசை மாவு புளிக்கிறதா? கம்பளி சுற்றி அடுப்பங்கரையில் வைத்தால்தானே பொங்குகிறது? அதுவும் நுண்ணுயிர், இதுவும் நுண்ணுயிர். சாக்கைப் போட்டு மூடிவையுங்கள், மாசி பிறக்கட்டும்” என்றார். பேராசிரியையிடம் கேட்டோம், அந்த அம்மையார் சொன்னதே அறிவியல் என்றார். மாசியில் வெயில் ஏறியது. வேலையும் மீண்டும் தொடங்கியது.

அளப்பதற்கு நம்மிடம் கருவி இல்லை. பயறே நம் கருவி. எடுத்த அன்று அந்த மண்ணில் 25 பாசிப்பயறு விதைத்தோம். 3 முளைத்து, மூன்றும் வாடின. ஓராண்டு கழித்து 25 விதைத்தோம், 19 முளைத்தன. அவை இரண்டிலைப் பருவம் தாண்டி நின்ற நாளில், சங்கத்தில் பலர் வேலைக்குப் போகும் வழியில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முளைவிட்ட பயற்றைப் பார்க்க இத்தனை பேர் வந்ததை நாம் கண்டதில்லை.

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. பயறு முளைத்ததனால் மண் முற்றும் தூயதாயிற்று என்று பொருளன்று. சங்கிலி எண்ணெயை இவை எளிதில் தின்கின்றன. வளையங்கள் பல சேர்ந்த பொருள்களையும் தார் போன்ற கனத்த பகுதியையும் மெல்ல மெல்லத்தான் தின்கின்றன. சில எஞ்சியே நிற்கும். எரிந்த எஞ்சின் எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகள்களும் உண்டு. உலோகத்தை எந்தப் பாக்டீரியாவும் தின்று ஒழிக்க முடியாது. ஆதலால் அம்மண்ணில் உண்ணும் பொருள் எதனையும் பயிரிடக் கூடாதென்று பேராசிரியை உறுதியாகச் சொல்லிவிட்டார். அடிகுழாய் நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். எண்ணெய் இல்லை என்ற அறிக்கை வந்தது. அன்றுதான் நமக்கு நிம்மதியாக உறக்கம் வந்தது. எனினும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குரிய செலவை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக எழுதியிருக்கிறோம்.

கறிவேப்பிலைக் கன்றுகளைக் கட்டடத்தின் முன்புறம், தூய மண்ணில், இவ்வாண்டு மீண்டும் நட்டிருக்கிறோம். பின்புறத்து நிலத்தில் செம்பருத்தியும் அரளியும் நிற்கின்றன. உண்ண உதவாவிட்டாலும் பூசைக்கு உதவும்.

இந்தப் பணியில் நாம் கற்றுக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறோம். ஊற்றுவதற்கு ஒரு நொடி. துடைப்பதற்கு ஓராண்டுக்கு மேல். பாக்டீரியா இருக்கிறதே, தின்றுவிடும் என்று எண்ணி ஊற்றுவோமானால் அது அறிவீனம். தோட்டி இருக்கிறான் என்று தெருவில் குப்பை கொட்டும் மனப்பான்மைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. மனிதராயினும் நுண்ணுயிராயினும், துப்புரவு செய்வோரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்; அவர்கள் சுமையைக் கூட்டலாகாது.

எரிந்த எண்ணெய் இடர் தரும் கழிவு என்று 2016 ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் கூறுகின்றன. அதை மறுசுழற்சி செய்ய அனுமதி பெற்றோரிடமே கொடுக்க வேண்டும். சங்க அலுவலகத்தின் அருகே மூடியுள்ள பீப்பாய் ஒன்று வைத்திருக்கிறோம். ஜெனரேட்டர் எண்ணெய் மட்டுமன்று. உங்கள் ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் மாற்றிய எண்ணெயையும் அதில் கொண்டுவந்து ஊற்றுங்கள். எவ்வளவு சேர்ந்தது, யாரிடம் கொடுத்தோம் என்பதற்குத் தனிப் பேரேடு திறந்துவிட்டோம். காசுக் கணக்கில் எவ்வளவு கண்டிப்பு காட்டினோமோ, அவ்வளவு கண்டிப்பை இதிலும் காட்டுவோம்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மாற்றல் உத்தரவு வந்தால் நாளையே பெட்டி கட்ட வேண்டியவர்கள். நம் மண் ஊரில் இருக்கிறது, இது வெறும் குடியிருப்பு என்ற எண்ணம் நம் நெஞ்சின் ஓரத்தில் இருந்ததனால்தானோ என்னவோ, இந்த மண்ணில் எதை ஊற்றுகிறோம் என்று பாராமல் இருந்துவிட்டோம். ஆனால் நம் பிள்ளைகள் தவழ்ந்தது இந்த மண்ணில்; தண்ணீர் குடிப்பது இந்த அடிகுழாயில். நமக்குப்பின் இந்த வீடுகளுக்கு வரப்போகிறவர் எந்த மொழி பேசுபவராயினும், அவர் பிள்ளையும் இதே தண்ணீரைத்தான் குடிக்கும். அவருக்கு நல்ல மண்ணை ஒப்படைத்துவிட்டுப் போவோம்.